மாரடைப்புக்குப் பின் இதயச் சுவரைத் தாங்கும் கூழ்

நேயர்களுக்கு வணக்கம். இதயத்தசைக்கு இரத்தம் தரும் கரோனரி தமனி அடைபட்டதும், ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்துத் திறந்துவிட்டால் மாரடைப்பின் பாதிப்பு முழுவதும் நீங்கிவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். உயிரைக் காப்பது அந்தச் சிகிச்சைதான். ஆயினும் இரத்தம் கிடைக்காமல் அதற்குள் இறந்துபோன தசை மீள்வதில்லை. பெரிய மாரடைப்பு ஒன்றில் ஏறத்தாழ 100 கோடி இதயத்தசைச் செல்கள் அழியக்கூடும். அவற்றின் இடத்தில் புதியவை பிறக்கும் வேகமோ மிகவும் குறைவு: 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம், 75 வயதில் அதில் பாதிக்கும் குறைவு என்று 2009இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கார்பன்-14, செல்களின் டி.என்.ஏ.வில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டே செல்களின் வயதை அறிந்தார்கள் என்பது வியப்புக்குரியது.

இறந்த தசையின் இடத்தில் சுருங்கி விரியாத தழும்பு உருவாகிறது. அந்தப் பகுதி மெலிய, இடது கீழறை மெல்ல மெல்லப் பெருக்கிறது. அறையின் ஆரம் கூடக்கூடச் சுவர் தாங்கும் இழுவிசை கூடும், சுவர் தடிக்கத் தடிக்க அது குறையும் என்பது லாப்லாஸ் விதி. ஆகவே மெலிந்து பெருத்த இதயத்தின் நலமான பகுதியும் கூடுதல் சுமையால் களைத்து, இதயச் செயலிழப்பை நோக்கிச் செல்கிறது.

இந்தச் சுமையைக் குறைக்கவே ஹைட்ரோஜெல் முயன்று பார்க்கப்படுகிறது. அது, பாலிமர் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் வலைக்குள் நீரைப் பெருமளவில் தேக்கிவைக்கும் கூழ். மென்மையான கான்டாக்ட் லென்சும் இந்த வகையைச் சேர்ந்ததே. பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அல்ஜினேட், கால்சியம் அயனிகளைச் சந்தித்ததும் இறுகும். இத்தகைய கூழைச் சுவருக்குள் செலுத்தினால் சுவர் தடித்து இழுவிசை குறையும். இதன் முதல் பணி உயிரியல் சார்ந்ததன்று, முட்டுக்கொடுக்கும் பணியே என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். ஏனெனில் இதயம் மீண்டும் வளர்ந்துவிடும் என்ற பேச்சு இங்கே எளிதில் எழுந்துவிடுகிறது.

மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் ஒரே திசையில் இல்லை. இதயச் செயலிழப்பு முற்றிய 78 பேரிடம் நடந்த ஆய்வில், அறுவைச் சிகிச்சை வழியாக அல்ஜினேட் கூழை நேரே சுவரில் செலுத்தப் பெற்றவர்களின் உடலுழைப்புத் திறன் மேம்பட்டது. ஆனால் அந்த அறுவைச் சிகிச்சையே அவர்களுக்கு ஓர் ஆபத்தாகவும் இருந்தது. மாறாக, மாரடைப்பு வந்த சில நாட்களில் கரோனரி தமனி வழியாகவே அல்ஜினேட்டைச் செலுத்திய, 303 பேர் பங்கேற்ற ஆய்வில், ஆறு மாதங்களுக்குப் பிறகும் அறை பெருப்பது குறையவில்லை. இரண்டுக்கும் மூலப்பொருள் ஒன்றே என்பதால், செலுத்தும் இடமும் அளவும் காலமும் அந்தப் பொருளுக்கு நிகரான முக்கியத்துவம் உடையவை என்றே நான் கருதுகிறேன்.

பன்றியின் இதயத்தசையிலிருந்து செல்களை முற்றிலும் நீக்கி, எஞ்சிய புரதச் சட்டகத்தைக் கூழாக்கும் முறை வேறொரு நோக்கம் கொண்டது. உடலின் செல்களும் இரத்த நாளங்களும் வந்து பற்றிக்கொள்ள அது இடம் தருகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் கேரன் கிறிஸ்ட்மன் குழுவினர் உருவாக்கிய இந்தக் கூழ், 15 பேரிடம் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தப்பட்டு, 2019இல் முதற்கட்ட முடிவுகள் வெளியாயின. பாதுகாப்பைச் சோதிப்பதே அந்த ஆய்வின் நோக்கம்; ஒப்பிட வேறு குழு இல்லாததால், பலனைப் பற்றி அதைக்கொண்டு முடிவு கூற இயலாது.

மின்துடிப்பு என்னும் சிக்கலும் எஞ்சியிருக்கிறது. இதயத்தைத் துடிக்கவைக்கும் மின் அலை தழும்பைச் சீராகக் கடப்பதில்லை. மின்கடத்தாத கூழும் அதற்கு இடையூறாகலாம் என்பதால், இதயத் துடிப்பின் ஒழுங்கு ஆய்வுகளில் கவனமாகக் கண்காணிக்கப்படுகிறது. பாலிபைரோல் போன்ற மின்கடத்தும் பாலிமர்களைச் சேர்த்த கூழ்கள் இதற்காகவே உருவாக்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் விலங்குச் சோதனை நிலையிலேயே இருக்கின்றன.