செலக்‌ஷனுக்கு ஓடும் கால்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

விடியற்காலையில் கல்லணைக் கால்வாய்க் கரைப் பக்கம் போனால் தெரியும், நம் டெல்டாவில் எத்தனை பிள்ளைகள் ஓடுகிறார்கள் என்று. உடம்பு இளைக்க ஓடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் போலீஸ் செலக்‌ஷனுக்கும் ராணுவத்துக்கும் ஓடுகிறவர்கள். இயன்முறை மருத்துவராக நான் அதிகம் பார்ப்பது இவர்களுடைய கால்களைத்தான்.

காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். பழகிய காலுக்கு இது எட்டாத வேகம் இல்லை. ஆனால் நம் பிள்ளைகள் எழுத்துத் தேர்வு முடிவு வரும்வரை காத்திருந்துவிட்டு, வந்த மறுநாள்தான் ஷூ வாங்கப் போகிறார்கள். அன்றிலிருந்து தினமும் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமைகூட விடுவதில்லை. வலி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். சதையும் சீக்கிரம் பழகும். எலும்பு அப்படியில்லை. புதிதாகப் பாரம் விழுந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதிதாகக் கட்டும். கரைவது சில வாரத்தில் நடந்துவிடும், கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். ஆற்றங்கரைக்குப் புது மண் போட்டதும் யாராவது முழுத் தண்ணீர் திறப்பார்களா? அந்த இடைவெளியில்தான் 'மூச்சு வாங்கவே இல்லை' என்று பையன் வேகத்தைக் கூட்டுகிறான்.

திருவையாறு பக்கத்திலிருந்து ஒரு பையனை அவன் அப்பா அழைத்து வந்தார். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, முன்பக்க எலும்பில் வலி. முதலில் ஓட ஆரம்பிக்கும்போது வலித்து, உடம்பு சூடேறியதும் மறைந்திருக்கிறது. அப்புறம் நடந்தாலே வலி, படுத்தாலும் வலி. அம்மா தினமும் எண்ணெய் போட்டு அழுத்தி நீவியிருக்கிறார். எக்ஸ்ரேயும் எடுத்தாகிவிட்டது. "படத்துல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க சார்" என்றார் அப்பா.

அவன் கட்டைவிரலாலேயே அந்த எலும்பின் உள்ஓரத்தை மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வரச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருக்கும் நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய சவ்வும் சதையும் நொந்திருக்கும். ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில், விரல் பட்டதும் துடிக்கவைத்தால் அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். அந்தப் பையன் ஒரே புள்ளியில் துடித்தான். எலும்பில் மயிரிழை விரிசல். முதல் இரண்டு மூன்று வாரம் இது எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் தெரிந்தது.

"விரல் நுனி அளவு வலிக்கு ரெண்டு மாசமா?" என்று அப்பா கேட்டார். ஆமாம், ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அந்தத் தடவை செலக்‌ஷன் போய்விட்டது. வலி அடங்கியதும் சைக்கிள் மிதித்து மூச்சைக் காப்பாற்றிக்கொண்டான். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினோம். மறுநாள் காலையில் வலி இல்லை என்றால்தான் அடுத்த படி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது மட்டும் கூடவே கூடாது, எச்சரிக்கை மணியையே அது அடைத்துவிடும்.

திரும்பவும் சொல்கிறேன், கட்டைவிரல் வைத்துப் பாருங்கள். ஒரே புள்ளி என்றால் நிறுத்துங்கள், நீவாதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒன்று. ஓட ஆரம்பித்த பிறகு மாதவிலக்கு தள்ளிப்போனால் 'ஓட்டத்தால்தான்' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லை என்று உடம்பு சொல்வதாக இருக்கலாம், எலும்பும் அதனால் பலவீனமாகும். மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஓடும் இடம் பற்றி. தார்ச்சாலை ஓரம் சரிந்துதான் இருக்கும், ஆற்றங்கரை விளிம்பும் அப்படித்தான். எப்போதும் ஒரே பக்கச் சரிவில் ஓடினால் ஒரு காலுக்கே அடி. கரையில் போன தடத்திலேயே திரும்பி வாருங்கள், சரிவு மறு காலுக்கு மாறிவிடும். எட்டி எட்டிக் கால் போடாமல் அடியைச் சற்றுக் குறுக்கி, விரைவாக வையுங்கள். முழங்காலில் விழும் பாரம் குறையும். வாசற்படியில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கினால் கெண்டைச்சதை பலப்படும்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். குதிகால் வலியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குத்தினால், வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள், கெண்டைச்சதையை இழுத்துவிடுங்கள். குணமாக மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருங்கள். கணுக்கால் பிசகி நாலு அடி வைக்க முடியவில்லை என்றால் சுளுக்கு எடுக்கப் போகாமல் எக்ஸ்ரேக்குப் போங்கள். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் நாளைக்கே நடையும் ஓட்டமுமாகத் தொடங்குங்கள். வணக்கம்.