பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி: எந்த முடிவை எப்போ எடுக்கணும்?

(திரை: பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகம், சேர்க்கைப் படிவத்தின் அண்மைக் காட்சி)

கெமிஸ்ட்ரி சீட் கெடைச்ச கையோட ஆபீஸ்ல ஒரு கேள்வி வரும்: "அல்லைடு மேத்ஸா, ஜுவாலஜியா?" அல்லைடுன்னா மேஜரோட கூடப் படிக்கிற துணைப்பாடம். பின்னாடி வரிசை நிக்கும். பக்கத்துல நிக்கிற பிள்ளை எதைச் சொல்லுதோ அதையே நாமளும் சொல்லிட்டு வந்துடுவோம். ஆனா இந்த மூணு வருஷப் படிப்புல ரொம்பத் தூரம் பாயுற முடிவு இதுதான். அதனால அங்கேயிருந்தே தொடங்குவோம்.

பாளையங்கோட்டை, பேட்டை, தூத்துக்குடி, நாகர்கோவில்னு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்குக் கீழ இருக்கிற கல்லூரிகள்ல சிலதுல அல்லைடு பாடத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். சிலதுல கல்லூரியே முடிவு செஞ்சிருக்கும். தேர்வு உங்க கையில இருந்தா, ப்ளஸ் டூவில கணிதம் படிச்சவங்க மேத்ஸையும் பிசிக்ஸையும் எடுத்துக்கிடுங்க.

காரணம் இருக்கு. கூடங்குளம் அணுமின் நிலையத்தை நடத்துற என்.பி.சி.ஐ.எல்.ல, பி.எஸ்சி. படிச்சவங்களை உதவித்தொகையோட பயிற்சி கொடுத்து சயின்டிஃபிக் அசிஸ்டன்ட்டா எடுக்கிறாங்க. கெமிஸ்ட்ரி முதன்மைப் பாடமா இருக்கணும், துணைப்பாடமா பிசிக்ஸ், மேத்ஸ் மாதிரி பாடங்கள் இருக்கணும்னு அறிவிப்புலயே போடுவாங்க. பி.இ. ரெண்டாம் வருஷத்துல நேரடியா சேரணும்னா, ப்ளஸ் டூவிலயோ டிகிரியிலயோ கணிதம் கேப்பாங்க. எம்.சி.ஏ.வுக்கும் பல இடத்துல அப்படித்தான் எதிர்பார்ப்பாங்க. ஐ.ஐ.டி.யில எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு எழுதுவீங்க. பாஸ் பண்ணின பிறகு சில நிறுவனங்கள் கணிதம் படிச்சதுக்குச் சான்று கேட்கும்.

ப்ளஸ் டூவில பயாலஜி குரூப், மேத்ஸே இல்லைன்னா? இதுல பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா வேலை உண்டு. ஜாம் கெமிஸ்ட்ரி பாடத்திட்டத்துல ப்ளஸ் டூ அளவுக் கணிதம் ஒரு பகுதியாவே இருக்கு. சமச்சீர் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணிதப் புத்தகங்களை வாங்கி வகையிடல், தொகையிடல், மடக்கை, அணிகள்னு நாலையும் முதல் வருஷ விடுமுறைக்குள்ள முடிச்சிருங்க. வினைவேகவியல் சமன்பாட்டைத் தொகையிடத் தெரியாம மனப்பாடம் பண்ணினா, மூணாம் வருஷ பிசிக்கல் கெமிஸ்ட்ரி முழுக்கச் சுமையாத் தெரியும். பயோகெமிஸ்ட்ரி, உணவு அறிவியல் பக்கம்தான் போறதுன்னு தெளிவா இருக்கிறவங்களுக்கு ஜுவாலஜி நல்ல தேர்வுதான், அதுல சந்தேகம் வேண்டாம்.

(திரை: 59.9 ≠ 60)

அடுத்தது மதிப்பெண். 60 சதவீதம்ங்கிறது பல வேலைக்கும் படிப்புக்கும் குறைந்தபட்சத் தகுதி. கூடங்குளம் பயிற்சிக்கும் அதுதான். 59.9 எடுத்தா 60ன்னு கூட்டிக் கொடுக்க மாட்டாங்க. இந்தச் சதவீதத்தைக் கீழ இழுக்கிறது பெரும்பாலும் மேஜர் தாள் இல்ல. "பாஸ் ஆனாப் போதும்"னு விட்ட முதல் வருஷத்து மொழித்தாளும் அல்லைடு தாளும்தான். அந்தப் பயிற்சிக்கு வயசு வரம்பும் உண்டு, பொதுப்பிரிவுக்கு 25. ரெண்டு வருஷம் சும்மா இருந்துட்டு விண்ணப்பிக்கலாம்னு நினைச்சா இடிக்கும்.

(திரை: டைட்ரேஷன் மேசை, பியூரெட்டில் கருஞ்சிவப்புக் கரைசல்)

இப்ப லேப். தொழிற்சாலை நேர்காணல்ல பெரிய பெரிய கருவி பேரைக் கேட்பாங்கன்னு பயந்துகிட்டு வர்றவங்களை, முதல் வருஷ டைட்ரேஷன் கேள்வியே மடக்கிடும். பர்மாங்கனேட் டைட்ரேஷனையே எடுத்துக்கிடுவோம். 20 மில்லி ஆக்சாலிக் அமிலம், கூட அதே அளவு நீர்த்த சல்பியூரிக் அமிலம், 60லேருந்து 70 டிகிரிக்குச் சூடு. ஏன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊத்தக் கூடாது? பர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்யும், பியூரெட் அளவு கூடிப்போகும். ஏன் கொதிக்க விடக் கூடாது? ஆக்சாலிக் அமிலம் சிதைஞ்சுடும், அளவு குறையும். கரைசல் பழுப்பாக் கலங்குதா? அமிலம் பத்தலை, இல்லைன்னா அவசரப்பட்டு ஊத்தியிருக்கீங்க. அது மாங்கனீஸ் டை ஆக்சைடு. முதல் சில சொட்டு நிறம் போக நேரமாகும். வினையில உண்டாகிற மாங்கனீஸ் அயனிதான் வினையூக்கி, அது கொஞ்சம் சேர்ந்த பிறகு வேகம் எடுக்கும். கரைசல் அடர்நிறமா இருக்கிறதால பியூரெட்ல மேல்விளிம்பைத்தான் படிக்கணும். பியூரெட்டை அதுல ஊத்தப்போற கரைசலாலயே கழுவணும், கூம்புக் குடுவையை வெறும் காய்ச்சி வடிச்ச தண்ணியால மட்டும்.

0.1 மில்லிதானேன்னு விடாதீங்க. 20 மில்லியில 0.1ங்கிறது 0.5 சதவீதப் பிழை. யூரியாவுல நைட்ரஜன் 46 சதவீதம் இருக்கணும். அதே அளவு பிழை அங்க வந்தா, உங்க அறிக்கையில 45.77ன்னு நிக்கும், நல்ல சரக்கு தரம் குறைஞ்சதாப் போயிரும். தூத்துக்குடி ஸ்பிக் மாதிரி உர ஆலையில தரக்கட்டுப்பாடுன்னா இந்த அளவு கவனம்தான்.

நம்ம பக்கத்துல கெமிஸ்ட்ரிக்கு இடமே இல்லைன்னு சொல்றதை நாங்க ஒத்துக்கிட மாட்டோம். சங்கர் நகர் சிமென்ட் ஆலையில, சூளையில வெந்து வர்ற கிளிங்கர்ங்கிற கட்டியில வினையாகாம மிஞ்சின சுண்ணாம்பை அளக்கணும். அது கூடினா கட்டின பிறகு சிமென்ட் விரிஞ்சு வெடிப்பு விடும். சாகுபுரத்துல உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா தயாரிக்கிறாங்க. உப்பளத்து உப்புல கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும். அதைச் சோடா சாம்பலும் காஸ்டிக் சோடாவும் போட்டு வீழ்படிவாக்கி, பிறகு அயனிப் பரிமாற்றப் பிசின் வழியா விட்டு, நூறு கோடியில சில பங்குங்கிற அளவுக்குக் குறைக்கணும். இல்லைன்னா மின்கலச் சவ்வுக்குள்ள ஹைட்ராக்சைடாப் படிஞ்சு மின்னழுத்தம் ஏறும், மின்செலவு கூடும். கூடங்குளத்து அணுஉலையோட முதன்மைச் சுற்றுத் தண்ணியில போரிக் அமில அளவை விடாம கண்காணிக்கணும். காரைக்குடியில மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, மகேந்திரகிரியில இஸ்ரோவோட உந்துவிசை வளாகம் இருக்கு.

(திரை: வீட்டுக் கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஆற்றுத் தண்ணீர் என மூன்று பாட்டில்கள்)

ரெண்டாம் வருஷக் கோடை விடுமுறையை இன்டர்ன்ஷிப்புக்கு வச்சுக்கிடுங்க. மே மாசத்துல போகணும்னா ஜனவரி, பிப்ரவரியிலேயே துறைத்தலைவர் கையெழுத்தோட கடிதமும் போனஃபைடும் அனுப்பணும். ஏப்ரல் கடைசியில கேட்டா இடம் முடிஞ்சிருக்கும். உள்ள போனா கருவியை மட்டும் வேடிக்கை பார்க்காதீங்க. மாதிரியை எங்கேயிருந்து, எப்படி எடுக்கிறாங்கன்னு கேளுங்க. தப்பா எடுத்த மாதிரியை எவ்வளவு நல்ல கருவியும் காப்பாத்தாது.

இடம் கெடைக்கலைன்னா கல்லூரி லேப்லயே உருப்படியான புராஜெக்ட் செய்யலாம். ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்துக் கிணத்துத் தண்ணியையும் தாமிரபரணித் தண்ணியையும் கடினத்தன்மைக்குச் சோதிங்க. பாட்டிலை அதே தண்ணியால மூணு தடவை அலசிட்டுப் பிடிக்கணும். 50 மில்லி தண்ணி, பி.எச். 10க்கு அம்மோனியா பஃபர், நிறங்காட்டியா எரியோகுரோம் பிளாக் டி, பியூரெட்ல 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. ஒயின் சிவப்பு போய் தெளிவான நீலம் வர்ற இடத்துல நிறுத்துங்க. ஒரு மில்லி செலவானா லிட்டருக்கு 20 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் கணக்குல. இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்கத்தக்க அளவு 200, வேற தண்ணி இல்லைன்னா 600 வரை. அதாவது பியூரெட்ல 10 மில்லியும் 30 மில்லியும். பி.எச். 12ஐத் தாண்டினா மெக்னீசியம் வீழ்படிவாயிரும், கால்சியம் மட்டும்தான் கணக்குல வரும். இதை வேணும்னே பயன்படுத்தி ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சு அளந்தா, புராஜெக்ட்டுக்கு ஒரு எடை கூடும்.

மூணாம் வருஷம். ஜாம் விண்ணப்பம் செப்டம்பர்ல திறக்கும், தேர்வு பிப்ரவரியில. 60 கேள்வி, 100 மதிப்பெண், மூணு மணி நேரம். தப்பான விடைக்கு மதிப்பெண் கழிக்கிறது முதல் பகுதியில மட்டும்தான். எண்ணால விடை எழுதுற பகுதியில கழிவு இல்ல, அதனால அதுல ஒண்ணையும் வெறுமையா விடாதீங்க. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு சி.யூ.இ.டி.ங்கிற நுழைவுத்தேர்வு தனி.

எம்.எஸ்சி.க்குப் போகணுமா வேண்டாமான்னு முடிவு செய்ய, போக நினைக்கிற வேலையோட தகுதியைப் பாருங்க. உணவுப் பாதுகாப்பு அலுவலர் வேலைக்குக் கெமிஸ்ட்ரியில முதுகலை வேணும்; பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி மட்டும் போதாது. காப்புரிமை முகவர் தேர்வுக்கோ அறிவியல் பட்டமே போதும், 21 வயசு ஆகியிருக்கணும். இந்த வழி நம்ம ஊர்ல பலருக்குத் தெரியாமலே போகுது. பள்ளிக்கூட வேலைன்னா பி.எஸ்சி., பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டோட பட்டதாரி ஆசிரியர்; எம்.எஸ்சி., பி.எட்.டோட ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூவுக்கு முதுகலை ஆசிரியர். கல்லூரியில பாடம் நடத்த நெட், செட்ங்கிற தகுதித் தேர்வுல ஒண்ணு அல்லது பிஎச்.டி. வேணும். வேற எதுவும் தோணலைங்கிற ஒரே காரணத்துக்காக எம்.எஸ்சி. சேர்றதை விட, தரக்கட்டுப்பாட்டு வேலையில ஒரு வருஷம் இருந்துட்டு முடிவு செய்யறது மேல்ங்கிறது எங்க கருத்து. ஷிஃப்ட் இருக்கும், ஆரம்பச் சம்பளம் பெருசா இருக்காது. ஆனா சோதனை ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தர முறைப்படி பதிவேடு எழுதவும், அளவுத்திருத்தக் கோடு போட்டுப் பிழையைக் கணிக்கவும் அங்கதான் கை பழகும்.

(திரை: ஒரு கோப்பு, அதில் செமஸ்டர் வாரியாகத் தாள்கள்)

கடைசியா ஒரு வேலை, இன்னைக்கே தொடங்கலாம். ஒவ்வொரு செமஸ்டரும் முடியும்போது அந்தப் பருவத்துப் பாடத்திட்ட நகலையும் மதிப்பெண் பட்டியலையும் ஒரே கோப்புல சேர்த்து வைங்க. பாடத்திட்டம் சில வருஷத்துக்கு ஒரு தடவை மாறும், பழையதை அப்புறம் தேடிப் பிடிக்கிறது சிரமம். வேற பல்கலைக்கழகமோ வெளிநாடோ "துணைப்பாடத்துல என்ன படிச்சீங்க, எத்தனை மணி நேரம்"னு கேட்டா, துறைத்தலைவர் முத்திரை வச்ச அந்த நகலைத்தான் அனுப்பணும்.