கோழி கால்ல வெயில் பட்டா முட்டையில விட்டமின் டி ஏறுமா?! 18 ரூபா முட்டை வாங்குறவங்க கட்டாயம் பாருங்க

ரெண்டு முட்டை. ஒண்ணு எங்க தெரு அண்ணாச்சி கடையில 7 ரூபா. இன்னொண்ணு சூப்பர் மார்க்கெட்ல வாங்குனது, அட்டை டப்பா மேல புல்லு, சூரியன், சிரிக்கிற கோழி எல்லாம் படம் போட்டு ஒரு முட்டை 18 ரூபா வீதம். உடைக்கிறேன் பாருங்க. அண்ணாச்சி முட்டையோட மஞ்சக்கரு வெளுத்துப் போய் எலுமிச்சம்பழ கலர்ல கெடக்கு, இது பாருங்க, கேசரி பவுடர் போட்ட மாதிரி! எதுல விட்டமின் டி ஜாஸ்தி? வீடியோவ நிறுத்திட்டு கமெண்ட்ல போடுங்க. முழுசா பாத்துட்டு வந்து எடிட் பண்ணக் கூடாது, எனக்குத் தெரிஞ்சிரும்.

போட்டாச்சா? கலர வச்சு சொன்னவங்க எல்லாரும் அவுட்.

மஞ்சக்கரு கலர் முழுக்க முழுக்க கோழி தின்ன தீவனத்தோட வேலை. மக்காச்சோளம் தின்னா மஞ்சள் ஏறும், செண்டுமல்லிப் பூவோட சாறு தீவனத்துல கலந்தா ஆரஞ்சு ஏறும். ஆமாங்க, ஆயுத பூஜைக்கு வண்டியில கட்டுறோமே, அதே செண்டுமல்லிதான். சத்தியமங்கலம், தாளவாடி பக்கமெல்லாம் வயல் வயலா போடுறது மாலைக்கு மட்டும்னு நெனச்சிட்டிருந்தேன், பாத்தா அதுல இருந்து லூட்டின்னு ஒரு நிறமிய எடுத்து கோழித் தீவனத்துக்கு அனுப்புறாங்க. இதுக்குன்னு பெயின்ட் கடை ஷேட் கார்டு மாதிரி ஒரு விசிறி இருக்கு, ரோச் கம்பெனி கொண்டு வந்தது, வெளிர் மஞ்சள் 1-ல ஆரம்பிச்சு ஆரஞ்சு வரைக்கும் நம்பர் போட்டிருக்கும். வாங்குறவங்களுக்கு எந்த நம்பர் பிடிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரி தீவனத்த மாத்திடுவாங்க. லூட்டின் கண்ணுக்கு நல்லது, சரி, ஒத்துக்கிறேன். ஆனா அது நம்ம உடம்புல விட்டமின் ஏ-வா கூட மாறாது, விட்டமின் டி-யோ கலரே இல்லாத ஆளு. அப்ப டப்பாவுல இருக்குற அந்த ஆரஞ்சு எத காட்டுது? செண்டுமல்லிய காட்டுது. அவ்ளோதான்.

விட்டமின் டி எதுக்கு? எலும்புக்கு, கால்சியத்த உள்ள இழுக்க, இல்லன்னா சின்னப் பசங்களுக்கு ரிக்கெட்ஸ் வந்து கால் வளையும். ஸ்கூல்ல படிச்சதுதான், அடுத்ததுக்கு போலாம்.

இப்ப மெயின் மேட்டர். முட்டையில விட்டமின் டி-ய ஏத்தணும்னா ஈஸியான வழி தீவனத்துல கொட்டுறது. ஆனா ஐரோப்பாவுல ஒரு கிலோ தீவனத்துல இவ்ளோதான் போடலாம்னு சட்டம் உச்சவரம்பு வச்சிருக்கு, ஏன்னா இந்த விட்டமின் ஓவராப் போனா கோழிக்கும் கெடுதல் நமக்கும் கெடுதல். அதனால ஜெர்மனியில ஹாலே ஊர்ல இருக்குற மார்ட்டின் லூதர் பல்கலைக்கழகத்துக்காரங்க வேற மாதிரி யோசிச்சாங்க. வெயில்ல நின்னா மனுஷனுக்கே தோல்ல விட்டமின் டி ஊறுதே, கோழிக்கு ஊறாதா?

இங்கதான் எனக்கு மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சுது. கோழிக்கு உடம்பு பூரா றெக்கை இருக்கே, வெயில் எங்க போய் படும்? நல்லா யோசிங்க. கோழி உடம்புல மூடாத இடம் எது? கொண்டை, மூஞ்சி, அப்புறம்... கால்! அந்த மஞ்சளா செதில் செதிலா இருக்குமே, கறிக்கடையில வெட்டி ஓரமா தள்ளுவாங்களே, அந்தக் கால். நம்ம தோல்ல வெயில் பட்டு விட்டமின் டி-யா மாறுறதுக்கு ஒரு மூலப்பொருள் இருக்கு, பேரு 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால், பேர மறந்துருங்க. றெக்கைக்கு அடியில இருக்குற தோல்ல அது கொஞ்சூண்டு, கால்லயும் பாதத்துலயும் பல மடங்கு. வெயில் படாத இடத்துல எதுக்கு சரக்க அடுக்கி வைக்கணும்னு கோழி உடம்பு கணக்குப் போட்டிருக்கு பாருங்க! எங்க தாத்தா காலையில வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வாசல்ல வெயில்ல நிப்பாரு, என்ன தாத்தான்னு கேட்டா சும்மாடான்னு சொல்லுவாரு. இனிமே எந்தக் கோழியப் பாத்தாலும் எனக்கு தாத்தா ஞாபகம்தான் வரும், தாத்தா மன்னிச்சிருங்க.

முதல்ல இந்த ஹாலே பல்கலைக்கழகத்துக்காரங்க வெளிய வெயில்ல மேஞ்ச கோழி முட்டையையும் கொட்டகைக்குள்ளயே இருந்த கோழி முட்டையையும் எடுத்து அளந்தாங்க. வெயில்ல மேஞ்சதுல மூணு நாலு மடங்கு. ஆனா ஜெர்மனியில குளிர்காலத்துல வெயிலுக்கு எங்க போறது? அதனால பண்ணைக் கொட்டகைக்குள்ளயே யூவி லைட்ட, அதாவது வெயில்ல இருக்குற புற ஊதாக் கதிர அடிக்கிற லைட்ட மாட்டினாங்க. வெள்ளை முட்டை போடுற இனம், பழுப்பு முட்டை போடுற இனம் ரெண்டுக்கும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம் எரிஞ்சதுல நல்ல ரிசல்ட், மூணே வாரத்துல முட்டையில விட்டமின் டி மூணுல இருந்து நாலு மடங்கு ஏறிடுச்சு, அதுக்கு மேல எத்தன வாரம் எரிஞ்சாலும் ஏறல, அங்கயே நின்னுடுச்சு. 2019-ல வந்த சேதி இது. இன்னொண்ணு, கோழிக்கு நம்மள மாதிரி இல்ல, யூவி வெளிச்சம் கண்ணுக்கே தெரியும். அதனால பயந்து ஒதுங்குமோன்னு வீடியோ எடுத்து வச்சுப் பாத்திருக்காங்க, அதுங்க பாட்டுக்கு லைட்டுக்குக் கீழ நின்னுக்கிட்டு இருந்திருக்கு. சிசிடிவி வச்சு கோழிய வேவு பாக்குறதுக்கெல்லாம் சம்பளம் தர்றாங்க, நான் இங்க உக்காந்து சப்ஸ்கிரைப் பண்ணுங்கன்னு கெஞ்சிட்டிருக்கேன்.

பண்ணுங்க.

இது புது ஐடியாவும் கிடையாது. 1920-கள்ல அமெரிக்காவுல விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஹாரி ஸ்டீன்பாக்னு ஒருத்தர், தீவனத்து மேல யூவி வெளிச்சம் காட்டினாலே விட்டமின் டி வருதுன்னு கண்டுபிடிச்சு பேட்டன்ட் வாங்கினாரு. 1930-கள்ல பால்ல விட்டமின் டி ஏத்த மூணு ரூட்டு ஓடிச்சு: பால் மேலயே நேரா வெளிச்சம் காட்டுறது, விட்டமின பால்ல ஊத்துறது, இல்லன்னா வெளிச்சம் காட்டின ஈஸ்ட்ட மாட்டுக்குப் போட்டு மாடு வழியா பாலுக்குக் கொண்டு வர்றது. இதுல எனக்குப் பிடிச்ச காமெடி, விஸ்கான்சின் பால் வெண்ணெய் ஊரு இல்லையா, அதனால அந்த பேட்டன்ட்ட வச்சிருந்த அமைப்பு, வெண்ணெய்க்கு போட்டியா வந்த மார்கரின் கம்பெனிகளுக்கு மட்டும் லைசென்ஸ் தரவே மாட்டேன்னுடுச்சு. ரிக்கெட்ஸ் ஒழியணும், ஆனா வெண்ணெய் வழியாத்தான் ஒழியணும்!

சரி, தீவனத்துல எது போட்டாலும் முட்டைக்கு வந்துடுமா? வராது. கோழி ஒரு தரகர் மாதிரி, ஒவ்வொரு விட்டமினுக்கும் ஒவ்வொரு கமிஷன் எடுக்கும். விட்டமின் ஏ-ன்னா ரொம்ப நல்லவரு, 100 ரூபா குடுத்தா 60-ல இருந்து 80 வரைக்கும் முட்டைக்கு அனுப்பிடும். பி 12, ரைபோஃபிளேவின் (அதாவது பி 2) எல்லாம் 40, 50. விட்டமின் டி-யும் ஈ-யும் 15-ல இருந்து 25 தான். ஃபோலேட், அதாவது பி 9, 5, 10 தான், சுத்த மோசம். விட்டமின் சி? ஒரு பைசா வராது. எவ்ளோ போட்டாலும் முட்டையில இருக்காது. ஏன்னா கோழியும் சரி, முட்டைக்குள்ள இருக்குற குஞ்சும் சரி, அத தானே தயாரிச்சுக்கும், அப்புறம் எதுக்கு கட்டிக் குடுக்கணும்? அத தயாரிக்கத் தெரியாம நெல்லிக்காய் தேடி அலையிற கூட்டத்துல நாம இருக்கோம். முட்டை நமக்காக இல்லங்க, குஞ்சுக்காக, அத அப்பப்ப மறந்துடுறோம்.

அந்த ரைபோஃபிளேவின கண்ணாலயே பாக்கலாம் தெரியுமா? பச்சை முட்டையோட வெள்ளைக்கருவ வெள்ளைத் தட்டுல ஊத்தி வெளிச்சத்துல பாருங்க, லேசா பச்சையும் மஞ்சளும் கலந்த மாதிரி ஒரு சாயல் அடிக்கும். தயிர் மேல நிக்கிற தண்ணியிலயும் அதேதான்.

பாலப் பத்தி ஒண்ணே ஒண்ணு. பசு நெய் மஞ்சள், எருமை நெய் வெள்ளை, அதனால எருமையில விட்டமின் ஏ இல்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, பசு கரோட்டீன்ற மஞ்சள் நிறமிய அப்படியே கொஞ்சம் பால்ல விடுது, எருமை அத விட்டமின் ஏ-வா மாத்திட்டு அனுப்புது. மறுபடியும் கலர் நம்மள ஏமாத்துது பாத்தீங்களா. மாட்டு வயித்துல கோபால்ட்ங்கிற உலோகம் இருந்தாத்தான் பி 12 வரும்னு ஒரு ஆஸ்திரேலியா கதை இருக்கு, அதுக்கு தனி வீடியோ.

இப்ப நம்ம ஊரு. நாமக்கல்ல வெயிலுக்கு என்ன பஞ்சம், ஜெர்மன்காரன் கரன்ட் பில் கட்டி வாங்குறது நமக்கு ஓசியில கொட்டுது. ஆனா கோழி கூரைக்கு அடியில கூண்டுக்குள்ள நிக்குது, கால்ல வெயில் படல. வெளிய விடலாம்லன்னு கேப்பீங்க, மே மாச வெயில்ல விட்டா முட்டை இல்ல, கோழியே மிஞ்சாது. சத்துணவுல வாரம் அஞ்சு நாள் முட்டை போடுற ஊர்ல இந்த லைட்ட ஒரு கொட்டகையில போட்டுப் பாத்தா என்னன்னு எனக்கு ஒரு ஆசை, செலவு கட்டுபடியாகுமான்னு பண்ணைக்காரங்க யாராச்சும் பாத்துட்டு இருந்தா கமெண்ட்ல சண்டைக்கு வாங்க, வரவேற்கிறேன். கொல்லையில காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கிளறிட்டுத் திரியிற உங்க பாட்டி வீட்டுக் கோழிக்கு இந்தப் பிரச்சனை எதுவும் இல்ல. ஆனா பழுப்பு ஓடு இருந்தா அது வெயில்ல மேஞ்ச கோழி முட்டைன்னு நெனச்சு கடையில ஏமாறாதீங்க, ஓட்டு கலர் இனத்தப் பொறுத்தது.

அந்த 18 ரூபா டப்பா? திருப்பிப் பாத்தேன். புரதம் இருக்கு, கொழுப்பு இருக்கு, 'இயற்கையின் பொன்னிறம்'னு இருக்கு. விட்டமின் டி எவ்ளோன்னு ஒரு வரி இல்ல. உங்க வீட்டு டப்பாவுல இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க, அடுத்த வீடியோவுல காட்டுறேன். ஷூட்டிங் முடிஞ்சுது, ரெண்டு முட்டையையும் ஒரே கிண்ணத்துல அடிச்சு வெங்காயம் போட்டாச்சு, இப்ப எது 7 எது 18-ன்னு எனக்கே தெரியல.