சார்த்ர் பேராலயத்தின் கண்ணாடி ஓவியங்களை எப்படிப் பார்ப்பது?

அடுத்த கேள்வி, பாரிஸ் போகவிருக்கும் ஒரு சகோதரி கேட்டது. "பாரிஸுக்குப் பக்கத்து ஊரான சார்த்ரில் உள்ள பேராலயத்துக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறேன். நான் கிறிஸ்தவர் இல்லை. அங்குள்ள கண்ணாடி ஓவியங்கள் எனக்குப் புரியுமா?"

கண்டிப்பாகப் புரியும், அம்மா. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்த ஜன்னல்களைப் பெரும்பாலும் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். புத்தகம் படித்துப் பழகிய கண் நேராக உச்சிக்குப் போய்விடும், கதை பிடிபடாது.

உள்ளே போனதும் கொஞ்சம் இருட்டாக இருக்கும். ஐந்து நிமிடம் உட்காருங்கள், கண் பழகட்டும். அப்புறம் வலது பக்கச் சுவரில், இயேசு சொன்ன 'நல்ல சமாரியன்' கதையைக் காட்டும் ஜன்னலைத் தேடுங்கள். அடியில் செருப்பு தைப்பவர்கள் வேலை பார்த்துக்கொண்டிருப்பார்கள். 800 வருடத்துக்கு முந்தைய தொழிலாளிகள்! ஜன்னலுக்குக் காசு கொடுத்ததே அவர்கள்தான் என்று நெடுநாளாகச் சொல்லிவந்தார்கள்; இப்போது எல்லா ஆய்வாளர்களும் அதை ஏற்பதில்லை.

அங்கிருந்து மேலே போங்கள். எருசலேமிலிருந்து கிளம்பும் வழிப்போக்கன், அவனை அடித்துப் பறிக்கும் கள்வர்கள், கண்டும் காணாமல் போகிறவர்கள், கடைசியில் அவனைச் சத்திரத்தில் சேர்க்கும் சமாரியன். அதற்கும் மேலே திடீரென்று ஆதாமும் ஏவாளும் வருவார்கள். குழம்ப வேண்டாம். அடிபட்டுக் கிடக்கும் வழிப்போக்கன்தான் ஆதாம் ஏவாளின் பாவத்தால் வீழ்ந்துபோன மனித இனம் என்பது அன்றைய போதகர்கள் தந்த விளக்கம். இரண்டு கதையும் ஒன்றுதான் என்று கண்ணாடியே சொல்லிவிடுகிறது.

தெற்கு வாசலுக்கு மேலே இருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. எசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் என்று இயேசுவுக்கு முந்தைய காலத்து இறைவாக்கினர்கள் நால்வரின் தோளில், இயேசுவின் வரலாற்றை எழுதிய நான்கு நற்செய்தியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் அப்பா தோளில் ஏறிய பிள்ளைக்கு அப்பாவைவிடத் தூரம் தெரியும் அல்லவா, அதேதான்.

சரி, நேரம் குறைவு என்றால் 'நீல மாதா' ஜன்னலை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள். 1194-இல் பழைய ஆலயத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. அந்தத் தீக்குத் தப்பியது நடுவில் உள்ள மாதாவும் குழந்தையும். சுற்றியுள்ள வானதூதர்கள் 13-ஆம் நூற்றாண்டில் சேர்த்தவர்கள். சிவப்புப் பின்னணியில் மாதாவின் உடை வெளிர்நீலம். மற்ற ஜன்னல்களின் அடர்நீலத்தைப் பார்த்துவிட்டு வந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தெற்குப் பக்கம் என்பதால் வெயிலுள்ள நடுப்பகலில் போங்கள். ஒரு சின்ன பைனாகுலரும் பையில் இருக்கட்டும்.