உப்பில்லாத கூழும் தண்ணீர் விட்ட கூழும்

வணக்கம் நண்பர்களே. காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறேன். பின்னால் ஆடு கத்தும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அண்ணன் மகள் மாம்பழக்கூழ் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். போன சீசன் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. பெங்களூரா என்கிற மாம்பழ ரகத்தில் இனிப்பு ஏறவே இல்லை. பெங்களூரா கூழ் என்றால் குறைந்தது 14 பிரிக்ஸ் கேட்பார்கள். பிரிக்ஸ் என்பது கூழில் கரைந்திருக்கிற சர்க்கரையின் கணக்கு. ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்தால் தெரிந்துவிடும். அன்றைக்கு 13தான் காட்டியது. மறைக்கக் கூடாது என்று அவளே வெளிநாட்டு வியாபாரிக்கு மெயில் போட்டாள். கூழ் ‘டைலூட்டட்’ ஆக இருக்கிறது என்று எழுதினாள். உடனே பதில் வந்தது: ஏன் தண்ணீர் கலந்தீர்கள்?

பிள்ளை அழுதுவிட்டாள். ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை அவளைத் திருடியாக்கிவிட்டது. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

இதைப் பாருங்கள். இரண்டு டம்ளரிலும் கேழ்வரகுக் கூழ். இது கெட்டியாக இருக்கிறது, சாய்த்தால் மெதுவாகத்தான் இறங்குகிறது. ஆனால் உப்பு போடவில்லை. அந்த டம்ளரில் உப்பு இருக்கிறது, தண்ணீரைத்தான் அள்ளி ஊற்றிவிட்டேன். பாருங்கள், அடியில் மாவு தனியாக நிற்கிறது. குடித்தால் இரண்டையும் நாம் ‘சப்பென்று இருக்கிறது’ என்போம். ஆங்கிலத்தில் உப்பில்லாதது ‘பிளாண்ட்’. தண்ணீரானது ‘தின்’, இல்லை ‘வாட்டரி’. முதலாவதற்கு உப்பு போட்டால் போதும். இரண்டாவதற்கு எவ்வளவு உப்பு போட்டாலும் தேறாது.

அப்புறம் ‘டைலூட்டட்’. லத்தீனில் கழுவுதல், கரைத்தல் என்ற பொருளிலிருந்து வந்த சொல். அதற்குள் ஒரு செயல் இருக்கிறது. முதலில் அடர்த்தியாக இருந்தது, பிறகு யாரோ எதையோ ஊற்றினார்கள். மழையில் நனைந்த மரத்துப் பழத்துக்கு அந்தச் சொல் பொருந்தாது. ‘வாட்டர்டு டவுன்’ என்பதும் அப்படித்தான். சட்டத்தை நீர்த்துப்போகச் செய்கிறார்கள் என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, அதே பொருள். அங்கேயும் செய்தவர் ஒருவர் இருக்கிறார்.

டீக்கடையில் நாம் கேட்கிற லைட் டீ ஆங்கிலத்தில் ‘வீக் டீ’. கேஸ் போன சோடா ‘ஃப்ளாட்’. ‘மைல்ட்’ என்பதைக் குறையாக நினைக்காதீர்கள், காரம் குறைவு என்பதைப் பாந்தமாகச் சொல்வது அது. பிளாண்ட் கூட எல்லா இடத்திலும் குறை இல்லை. வயிற்றுப் புண் வந்தபோது எங்கள் அப்பாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்தது பிளாண்ட் டயட்தான். மோர் சாதமும் இட்லியுமாக அதில்தான் அவர் உடம்பு தேறியது.

எனக்கு ரொம்பப் பிடித்த சொல் ‘இன்சிபிட்’. சுவையே இல்லாதது, மனசுக்கு ஒட்டாதது. இதன் வேர் லத்தீனில் ‘சபேரே’. அதற்குச் சுவைத்தல் என்றும் பொருள், அறிதல் என்றும் பொருள். மனித இனத்தை ஹோமோ சேப்பியன்ஸ் என்கிறோமே, அந்தச் சேப்பியன்ஸும் இதே வேரில் முளைத்ததுதான். நாக்கில் பட்டதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவனை அறிவுள்ளவன் என்று அந்த மொழி நினைத்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆளைச் சொல்லவும் சொற்கள் உண்டு. ஒரு முடிவுக்கும் வராமல் வழவழா கொழகொழா என்று பேசுகிறவரை ‘விஷிவாஷி’ என்பார்கள். உச்சரிப்பிலேயே தண்ணீர் அலம்புகிறது, கேளுங்கள்.

சரி, அந்த மெயில் என்ன ஆனது? இரண்டு பேரும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். தண்ணீர் சேர்க்கவில்லை, மழையால் பழத்திலேயே இனிப்பு குறைந்துவிட்டது, ‘லோ பிரிக்ஸ்’, அளவு 13 என்று எழுதி, மீட்டர் காட்டியதையும் படம் எடுத்துச் சேர்த்தோம். விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அவர்கள் அந்தக் கூழை எடுத்துக்கொண்டார்கள்.