ஏற்காட்டுச் சருகுக்கு அடியில் என்ன இருக்கிறது?

[காட்சி: காபிச் செடிக்கு அடியில் சருகை விலக்கும் கை]

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் நேரே ஏரிக்குப் போவார்கள். நாம் ஒரு காபித் தோட்டத்தில் குந்தி உட்கார்ந்து சருகைக் கிளறிக்கொண்டிருக்கிறோம். மேலே காய்ந்த இலை. அதற்கடியில் ஈரமான, பாதி மட்கிய இலை. நரம்பு மட்டும் வலை மாதிரி மிச்சம். இன்னும் கிளறினால் கறுப்பு மண். அந்தக் கறுப்புதான் இன்றைய விஷயம்.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, அதன் கார்பனைக் கொண்டுதான் தண்டும் வேரும் இலையுமாக வளர்கிறது. காய்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். இலை உதிர்ந்து மட்கும்போது பெரும்பகுதி மறுபடி காற்றுக்கே போய்விடும். ஒரு சிறு பங்கு மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். மண்ணைக் கிளறாமல் விட்டால் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கும். நாம் கிளறியது ஒரு கைப்பிடி, மன்னித்துவிடுங்கள்.

[காட்சி: சில்வர் ஓக் மரம், அதில் படரும் மிளகுக் கொடி]

சரி, இப்படிக் கார்பனைப் பிடித்துவைக்கும் மரங்களுக்காகத் தமிழ்நாடு அரசு என்ன செய்கிறது? 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. 23.7 சதவீதமாக இருந்த காடு மற்றும் மரப் பரப்பை 33 ஆக்குவது இலக்கு. காட்டை மட்டும் வைத்து இது நடக்காது. பட்டா நிலத்திலும் மரம் நிற்க வேண்டும். ஈரநிலங்களுக்குத் தனி இயக்கம், காலநிலை மாற்றத்துக்குத் தனி இயக்கம் என்றும் உண்டு.

எனக்கு ஒரு மனக்குறை. நாற்று நட்டால் போட்டோ வருகிறது, நிற்கிற மரத்துக்கு யாரும் போட்டோ எடுப்பதில்லை. காய்ந்த எடையில் 2 டன் தேறும் ஒரு பலா மரத்தை வெட்டி எரித்தால், அதிலுள்ள ஒரு டன் கார்பனோடு காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து சுமார் 3.67 டன் கரியமில வாயு வெளியேறும். அந்த இடத்தில் இன்று வைக்கும் கன்று அதை ஈடுகட்டப் பல பத்தாண்டு ஆகும். தோட்டக்காரரையும் குறை சொல்ல முடியாது. காபிக்கு நிழலாக அவர் வைக்கும் சில்வர் ஓக் சீக்கிரம் வளரும், நேராக நிற்கும், மிளகு ஏறும், அவசரத்துக்குக் காசாகும். பலா, அத்தியை விட்டுவைக்கச் சொன்னால் அவருக்கு அதில் என்ன லாபம்? இதற்குத்தான் அரசு வழி சொல்ல வேண்டும்.

[காட்சி: கவாத்து முடிந்த தோட்டம்]

நிழல் மரத்தின் கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்த பிறகு, சின்னக் கிளைகளைக் குவித்துத் தீ வைப்பவர்களும் உண்டு. இங்கே செடிகளுக்கு நடுவே பரப்பிவிட்டிருக்கிறார்கள். கிட்டே போய்ப் பார்க்கலாம். போன வருஷத்துக் கிளையில் காளான் பூத்திருக்கிறது. விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிர்கிறது.