பில்லைக் கட்டியது யார்?

நடுவர் அவர்களே, வணக்கம். ‘செல்லப் பிராணிகளுக்குப் பொற்காலம் அன்றா, இன்றா?’ என்பது தலைப்பு. ‘இன்றே’ என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி ஐயா எல்லோரையும் கண் கலங்க வைத்துவிட்டார். “பழைய சோறு போட்டோம், பத்துப் பைசா செலவில்லை, நாய் பாட்டுக்கு வளர்ந்தது. இன்னிக்கு நாய்க்கு ஷாம்பு, நாய்க்கு பிஸ்கட், நாய்க்குப் பிறந்தநாள் கேக்! அன்பு போய் பில் வந்துவிட்டது” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், நன்றாகப் பேசினார்.

ஆனால் ஐயா படித்துக் காட்டியது முழுக்க வளர்த்தவர் கணக்கு. நாயின் கணக்கை யார் பார்ப்பது?

தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். வீட்டில் ஒரு செவலை நாய், பெயர் மணி. அதற்காக எங்கள் குடும்பம் காசு கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றே ஒன்று, சந்தையில் ஒரு இரும்புச் சங்கிலி. சாப்பாட்டுக்கு, அடுப்படியில் நசுங்கிப்போன ஒரு அலுமினியத் தட்டு. திண்ணையில் ஏறினால் அப்பா விளக்குமாற்றைத் தூக்குவார்.

1986இல் ஒரு நாள், சோறு தின்னும்போது கிட்டே போன என் அண்ணன் கையைக் கடித்துவிட்டது. மணிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்ததா? எங்கள் தெருவில் எந்த நாய்க்குமே கிடையாது. அண்ணனுக்குத் தொப்புளைச் சுற்றித் தினம் ஒரு ஊசி. செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து அது. 2004 முடிவில்தான் இந்தியாவில் அதை ஒரேயடியாக நிறுத்தினார்கள். இந்தப் பக்கம் மணியைத் தொழுவத்தில் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்த்தோம். என்ன பார்த்தோம்? சாகிறதா என்று பார்த்தோம்! தண்ணீர்ச் சட்டியைக் கம்பால் தள்ளி வைத்துவிட்டு எட்டி நிற்போம். அது நக்கிக் குடித்தால் அம்மாவுக்கு மூச்சு வரும். பதினோராம் நாள் சங்கிலியை அவிழ்த்ததும் நேராக அண்ணனிடம் ஓடி, கடித்த கையையே நக்கியது. அன்பு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டிருந்தால் அந்தப் பயத்தில் பாதி இருந்திருக்காது.

அடுத்த வீட்டுப் பெட்டை நாய் ஆறு குட்டி போடும். கடுவன் குட்டிகளைச் சொல்லிவைத்து வாங்கிப் போவார்கள். பெட்டைக் குட்டிகள் சாக்கில் ஏறும். வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, சாக்கை மட்டும் உதறி மடித்து எடுத்து வருவார்கள். சாக்கு வீணாகக் கூடாதல்லவா? நடுவர் அவர்களே, யார் கொண்டுபோனார்கள் என்று கேட்காதீர்கள், நானும் கூட நடந்து போயிருக்கிறேன். இன்று அதே தெருவில் பெட்டைக்குக் கருத்தடை செய்து, தையலை நக்காதபடி, அதைப் பிரிக்கும் வரை கழுத்தில் புனல் மாட்டி வைக்கிறார்கள். எதிரணி அந்தப் புனலைப் பார்த்துச் சிரிக்கிறது.

செலவில்லாமல் வளர்த்தோம் என்கிறார்கள். செலவு இருந்தது ஐயா. நாம் கட்டவில்லை, அதுகள் கட்டின.

பூனைக்கு வருவோம். தயிர்சோறு போட்டே வளர்த்தோம் என்றார் ஐயா. டாரின் என்று ஒரு சத்து. பூனையின் உடம்பு அதைப் போதிய அளவு தானே செய்துகொள்ளாது. மீனிலும் இறைச்சியிலும் இருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் கண் போகும் என்று 1975இலும், இதயம் பழுதாகும் என்று 1987இலும் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் பாக்கெட் உணவில் அதைச் சரியான அளவில் சேர்த்தார்கள். ஐயா வீட்டுப் பூனை பிழைத்தது தயிர்சோற்றால் இல்லை, ஐயா வீட்டு எலியால்!

கிளி கதை இன்னும் சின்னது. இறக்கையைக் கத்தரித்து, கைப்பிடி அளவு கூண்டில் அடைத்து, “அக்கா” என்று சொல்லப் பழக்கினோம். இன்று நம் நாட்டுப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இதற்கும் பழைய காலம்தான் நல்ல காலமா?

எங்கள் அணியில் கோளாறே இல்லை என்று சொல்லமாட்டேன். பனிப்பிரதேசத்து ஹஸ்கியை வாங்கி வந்து சென்னை மே மாதத்தில் மொட்டைமாடி அறையில் வைப்பவரை நான் காப்பாற்றப் போவதில்லை. நாய்க்குச் சாக்லேட் கேக் ஊட்டிப் படம் எடுப்பவரையும்தான். சாக்லேட் நாய்க்கு விஷம். ஆனால் அது விஷம் என்று இன்று பத்து வயதுப் பிள்ளை பெற்றோரை அதட்டுகிறதே, அதைக் கணக்கில் வையுங்கள்.

‘இதெல்லாம் பணக்காரர் வேலை’ என்று அடுத்து வரப்போகும் அம்மா சொல்வார். காலையில் சென்னை வேப்பேரிக்குப் போய்ப் பாருங்கள். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, அரசாங்கத்துடையது. வெள்ளிச் சங்கிலி போட்ட லாப்ரடாருக்குப் பக்கத்தில், பழைய சேலையில் சுற்றிய நாட்டு நாய்க்குட்டியோடு ஆட்டோவில் வந்தவர் உட்கார்ந்திருப்பார். இரண்டுக்கும் ஒரே வரிசை.

மணி அடிக்கிறது. எங்கள் மணி இல்லை, நடுவர் மேஜை மணி! ஒரு நிமிடம் கொடுங்கள்.

விளக்குமாற்றைத் தூக்கினாரே எங்கள் அப்பா, அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. நியாயமாக எதிரணிக்குச் சாட்சி சொல்ல வேண்டிய ஆள். போன மாதம் போன் செய்தேன். “அப்புறம் பேசறேன்மா, டோக்கன் நம்பர் கூப்பிடுறாங்க. குட்டிக்கு இன்னிக்கு ரெண்டாவது ஊசி” என்று வைத்துவிட்டார்.